‘வசந்த காலத் தியான முகாம்’ நோட்டீஸ் வந்ததா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கத்து முகாம் ஒன்றின் நோட்டீஸ் மறுபடியும் நம் கத்தோலிக்கப் பங்குகளின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்திருக்கிறது, இந்த முறை மே மாத விடுமுறைக்காம். விஷயம் வழக்கு வரை போவதால் பெயரைப் போடவில்லை. மேலே சிலுவை, நடுவில் துடுப்புப் படகு, கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த பெரிய வீட்டு முற்றம், பார்த்தாலே தெரிந்துவிடும். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் காரைக்குடியிலிருந்து எங்கள் பங்கு இளையோரை அங்கே கூட்டிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருத்தன். தலைக்கு 2,200 ரூபாய்.

முதலில் படகு. நம் ஊர்க் கண்மாய் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைவது, பங்குனி வெயிலில் அதற்குள் மாடு மேயும். ஏதோ மோட்டார் போட்டுத் தண்ணீர் நிறுத்தியிருப்பார்கள் என்று பிள்ளைகள் ஆசையாக மாற்றுத்துணி எல்லாம் எடுத்து வந்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் கரையில் இரண்டு ஃபைபர் படகு கவிழ்ந்து கிடக்கிறது, கண்மாய்க்குள்ளே ஊர்ப் பையன்கள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். “தண்ணி எங்கண்ணே?” என்று கேட்டதற்கு, “படம் மார்கழியில எடுத்தது தம்பி” என்றார் பொறுப்பாளர், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

பறவை பார்க்கிறதும் அதே கதைதான். வேட்டங்குடி சரணாலயம் 1977-இல் அறிவிக்கப்பட்ட அருமையான இடம், அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிக்காதவர்கள் அந்த ஊர்க்காரர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாரைகள் மழையோடு வந்து, கண்மாய் வற்றும்போது கிளம்பிவிடுகிறவை. கோடை வெயில் ஏறிய பிறகு எங்களைக் கொண்டுபோய் இறக்கினால் அங்கே என்ன இருக்கும்? மழைக்கப்புறம் வாங்க என்று அங்கிருந்த ஒரு அம்மாவே சொன்னார்.

தங்கும் இடம் ‘பாரம்பரியச் செட்டிநாட்டு வீடு’ என்று போட்டிருந்தது. ஆத்தங்குடிக் கல் இருந்தது உண்மைதான், பணம் வாங்குகிற அறையில். நாங்கள் படுத்தது முந்திரித் தோப்புக்குள் ஒரு தகரக் கொட்டகையில். பெண் பிள்ளைகளுக்கென்று தனிக் கழிப்பறை கிடையாது, இருந்த ஒன்றுக்கும் தாழ்ப்பாள் இல்லை. நம் பெண்கள் ஆளுக்கு ஆள் வாசலில் காவல் நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் கோழி பிரியாணி. தவக்கால வெள்ளியில்! “ஸ்பெஷலா செஞ்சிருக்கோம், ஏன் யாருமே சாப்பிட மாட்டேங்கிறீங்க?” என்று சமையல்காரர் நிஜமாகவே வருத்தப்பட்டார். அன்றைக்கு இறைச்சி தொடாத சுத்தபோசனம் என்ற பேச்சே அங்கே ஒருவர் காதிலும் விழுந்ததில்லை. அப்போதுதான் விசாரித்தோம். பின்னால் எந்தச் சபையும் இல்லை, மறைமாவட்டமும் இல்லை, தோப்பைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற ஒரு பந்தல் காண்ட்ராக்டர். அவர் எந்த மதம் என்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. சிலுவையைப் போட்டு விற்றாரே, அதுதான் பிரச்சினை.

ஒப்புரவுக்கு, அதாவது பாவசங்கீர்த்தனம் கேட்க, கத்தோலிக்கச் சாமியார் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். கிட்டாரோடு ஒருவர் வந்தார். “தம்பி, நான் பாஸ்டர். பாவசங்கீர்த்தனம் எல்லாம் நான் கேக்க முடியாது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்கன்னுதான் என்கிட்ட சொன்னாங்க” என்றார். ஒப்புரவு கேட்கக் குருப்பட்டமும் ஆயரின் அனுமதியும் வேண்டும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது, அழைத்தவருக்குத் தெரியவில்லை. பாவம், அவரையும் ஏமாற்றித்தான் வரவழைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாடிவிட்டுப் போனார், அந்த முகாமில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

ஓரியூர்ப் பயணத்தையும் கடைசி நேரத்தில் வெட்டிவிட்டார்கள், டீசல் கணக்கு ஒத்துவரவில்லையாம். 1693 பிப்ரவரி 4 அன்று புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்ட மண் அது. பிள்ளைகள் அவரைப் பற்றி ஒரு நாடகமே தயார் செய்து, அங்கே போய் நடிக்கக் காத்திருந்தார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன், ஆனால் கம்பிச் சவாரியை (ஜிப்லைன்) விட முடியாது. இரண்டு மரத்துக்கு நடுவே கம்பி கட்டி, இடுப்பில் மட்டும் ஒரு பெல்ட், தொடைக்குப் பட்டை கிடையாது. கொக்கி திருகிப் பூட்டுகிற வகை இல்லை, லேசாக அழுத்தினாலே திறந்துகொள்ளும். தலைக்கு யாரோ ஓட்டிய பைக்கின் ஹெல்மெட். காலையில் இட்லி பரிமாறிய பையன்தான் இங்கே பயிற்சியாளர். எதிர்முனையில் பிடித்து நிறுத்த ஆளே இல்லை, பழைய டயர் ஒன்றைக் கட்டிவிட்டிருந்தார்கள். எங்கள் பிள்ளை ஒருத்தி வேகமாகப் போய் அதில் மோதி முழங்கால் வீங்கிவிட்டது. முதலுதவிப் பெட்டி கேட்டால் ஒருவர் தைலம் கொண்டு வந்தார். ஊருக்குள் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டோம். உயரத்தில் தொங்குகிற விளையாட்டு எங்கே இருந்தாலும் சரி, இரண்டு முனையிலும் ஆள் நிற்கிறாரா, கொக்கி பூட்டுகிறதா, தொடைப் பட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

சரி, பணத்துக்கு வருவோம், தந்திரம் இதில்தான். ஜிபேயில் ஒரு தனி ஆளின் நம்பருக்கு அனுப்பச் சொன்னார்கள். ரசீதில் ‘நன்கொடை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். திரும்பக் கேட்டபோது வந்த பதில்: “நன்கொடைக்கு ஏது சார் ரீஃபண்ட்?” கட்டணம் வாங்கிக்கொண்டு சேவை தருகிற எவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவார்கள், ரசீதில் வேறு பெயர் எழுதிவிட்டால் தப்பிக்க முடியாது என்று எங்கள் பங்கு வக்கீல் சொல்கிறார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.

எங்கள் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போய்விட்டது. இதற்கு முன் அங்கே போய் ஏமாந்த பங்குகள் இருந்தால் அந்த நன்கொடை ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ‘முகாம் கட்டணம் அனுப்பவும்’ என்று அவர்கள் போட்ட வாட்ஸ்அப் செய்தி இருக்கும் பாருங்கள், அதையும் அழிக்காமல் வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் அது நன்கொடை இல்லை என்று நிரூபிக்க முடியும்.