கிட்-அனெக்ஸ்: அழிக்கும் முன் இன்னொரு நகல் எங்கே என்று கேட்கிற மென்பொருள்

நான்கு வருடமாக என் ஃபைல்கள் எல்லாம், பல கருவிகளுக்கு இடையே ஃபைல்களை சிங்க் செய்கிற கிட்-அனெக்ஸில்தான் இருக்கின்றன. போட்டோக்கள், ஸ்கேன் செய்த பத்திரங்கள், பாட்டி பேசியதைப் பதிந்து வைத்த ஒலிப்பதிவுகள். ஒரு லேப்டாப், இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், வீட்டில் எப்போதும் ஓடுகிற ஒரு பழைய கம்ப்யூட்டர், அப்புறம் வாடகைக்கு எடுத்த கிளவுட் இடம் என்று ஐந்து இடங்களில் பரவிக் கிடக்கின்றன. இதற்கு முன் வேறொரு சிங்க் சேவையில் இருந்தேன். ஒரு நாள் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்துவிட்டேன், சில நொடிகளில் அது மற்ற கருவிகளிலிருந்தும் போய்விட்டது, நான் கவனித்தபோது மீட்பதற்கான கெடுவும் முடிந்திருந்தது. ஒரு இடத்தில் நடந்ததை மற்ற இடங்களிலும் நடத்துவதுதான் சிங்கின் வேலை, அழிப்பும் அதில் அடக்கம். அன்றிலிருந்து எந்த சிங்க் மென்பொருளைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி, அழிக்கச் சொன்னால் இது என்ன செய்யும் என்பதுதான்.

ஜோயி ஹெஸ் என்பவர் 2010-இல் ஹாஸ்கெல் என்ற நிரல் மொழியில் எழுத ஆரம்பித்த இலவச மென்பொருள் கிட்-அனெக்ஸ். 2012-இல் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் பணம் திரட்டி, ஃபோல்டரைக் கவனித்துத் தானாகவே சிங்க் செய்கிற ‘அசிஸ்டென்ட்’ என்ற பகுதியையும் சேர்த்தார். இன்றும் வேலை தொடர்கிறது. ஆராய்ச்சித் தரவுகளைக் கையாளும் டேட்டாலேட் என்ற மென்பொருள் இதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

அடிப்படை யோசனை எளிது. கிட் என்பது ஃபைல்களில் நடக்கும் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் மென்பொருள். ஃபைலின் பெயரும் அது இருக்கும் ஃபோல்டரும் கிட்டுக்குள் போகும், உள்ளடக்கம் போகாது. உள்ளடக்கத்துக்கு எஸ்எச்ஏ256 ஹாஷ் (உள்ளடக்கம் துளி மாறினாலும் மாறிவிடுகிற, கைரேகை மாதிரியான ஒரு எண்) கணக்கிட்டு, அதன் அளவையும் சேர்த்து ஒரு சாவிப்பெயர் வைத்துத் தனியாக எடுத்து வைத்துவிடும். ஃபைல் இருந்த இடத்தில் அந்தச் சாவியைக் காட்டும் ஒரு சிம்லிங்க், அதாவது வேறொரு இடத்தைக் காட்டும் குறுக்குவழி, நிற்கும். ஒவ்வொரு இடத்திலும் இருக்கும் சேமிப்புக்கு ரெப்போ என்று பெயர். எந்தச் சாவி எந்த ரெப்போவில் இருக்கிறது என்ற கணக்கு கிட்டுக்குள்ளேயே தனியாக ஒரு கிளையில் எழுதப்பட்டு எல்லா ரெப்போவுக்கும் போகும். அதனால் லேப்டாப்பில் இடம் இல்லை என்று ஒரு வீடியோவை எடுத்துவிட்டாலும், அதன் பெயர் அங்கேயே இருக்கும், ‘வேர்ஈஸ்’ என்று கேட்டால் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று சொல்லும். அந்த டிஸ்க் அப்போது அலமாரியில் இருந்தாலும் சரி.

எனக்கு இது மனசுக்குப் பிடித்துப்போனது, ஒரு ரெப்போவில் இருக்கும் நகலை அழிக்கிற ‘டிராப்’ கட்டளையில்தான். போன மாதம் இடம் போதாமல் ஒரு பழைய ஒலிப்பதிவை லேப்டாப்பிலிருந்து எடுக்கப் பார்த்தேன். அதன் நகல் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருப்பது எனக்குத் தெரியும், கிட்-அனெக்ஸின் கணக்கிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் டிஸ்க் செருகப்படவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டது: தேவையான 1 நகலில் 0 மட்டுமே சரிபார்க்க முடிந்தது, இந்த ரெப்போக்களில் ஏதாவது ஒன்றைக் கிடைக்கச் செய்துவிட்டு வா என்று பட்டியலும் போட்டது. டிஸ்க்கைச் செருகி மறுபடி ஓட்டினேன், அது டிஸ்க்கில் ஃபைல் இருப்பதைப் போய்ப் பார்த்துவிட்டு, அதன் பிறகே இங்கே அழித்தது. தன் கணக்குப் புத்தகத்தைக்கூட அது அப்படியே நம்புவதில்லை. நான்கு மாதத்துக்கு முன் எழுதிய குறிப்பை நம்பி ஃபைலை அழிப்பது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது மாதிரிதான், அந்த டிஸ்க்கை இதற்குள் யாராவது ஃபார்மேட் செய்திருக்கலாம். ஒரு ரெப்போவை ‘டிரஸ்டட்’ (நம்பகமானது) என்று குறித்தால் இந்தச் சரிபார்ப்பு நடக்காது. அந்த வசதியை நான் ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை, உங்களுக்கும் வேண்டாம் என்பேன்.

சரி, இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு ஃபைல் இரண்டு ரெப்போவில் மட்டும் இருக்கிறது, இரண்டிலும் ஒரே நேரத்தில் டிராப் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது இரண்டாவதைக் கேட்கிறது, இருக்கிறது என்கிறது. இரண்டாவது முதலாவதைக் கேட்கிறது, அங்கும் இருக்கிறது. இரண்டும் திருப்தியாக அழிக்கின்றன, ஃபைல் போச்சு. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரியாகத்தான் நடந்துகொண்டது, சேர்ந்து பார்த்தால் நஷ்டம். பல கணினிகளில் பரவி இயங்கும் அமைப்புகளை வடிவமைப்பதில் இருக்கிற உண்மையான கஷ்டம் இதுதான் என்று நினைக்கிறேன். கிட்-அனெக்ஸ் இங்கே அழிப்பதற்கு முன் அங்கே உள்ள நகலைப் பூட்டிவிடும், பூட்டு இருக்கும் வரை அங்கே யாரும் அதை அழிக்க முடியாது. ஒரே கணினியில் இரண்டு ஃபோல்டரில் ரெப்போ வைத்து, ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான தடவை டிராப் ஓட விட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூட இரண்டு நகலும் போகவில்லை. எந்த சிங்க் மென்பொருளிடமும் முக்கியமான ஃபைல்களைக் கொடுக்கும் முன் இப்படி ஒரு சோதனை செய்துவிடுங்கள், ஒரு மணி நேரம் ஆகும்.

இரண்டு பக்கமும் ஒரே ஃபைலை மாற்றிவிட்டால் என்ன ஆகும்? இரண்டையும் வைத்துக்கொள்ளும், பெயரில் ‘வேரியன்ட்’ என்று சேர்த்து. சிங்த்திங் என்ற இன்னொரு சிங்க் மென்பொருளும் இரண்டையும் வைத்துக்கொள்கிறதுதான், ஆனால் எது அசல் பெயரோடு நிற்கும் என்பதை ஃபைலின் நேரத்தை வைத்து முடிவு செய்கிறது. இங்கே மோதலைக் கண்டுபிடிப்பது கிட் வரலாறு, அதனால் ஒரு கம்ப்யூட்டரின் கடிகாரம் தப்பாக ஓடினாலும் கவலை இல்லை. ஒன்றோடொன்று நெட்வொர்க்கில் சந்திக்கவே சந்திக்காத இரண்டு கம்ப்யூட்டர்களைக்கூட ஒரு பென் டிரைவை இங்கும் அங்கும் கொண்டு போயே சிங்க் செய்யலாம்.

‘எஃப்எஸ்சிகே’ என்ற கட்டளை பற்றிச் சொல்லியாக வேண்டும். இது ஒவ்வொரு ஃபைலையும் முழுக்கப் படித்து ஹாஷ் சரியா என்று பார்க்கும். சென்ற வருடம் பழைய டிஸ்க் ஒன்றில் இதை ஓட்டியபோது ஒரு போட்டோ பொருந்தவில்லை. திறந்து பார்த்தேன், மேல் பாதி படம், கீழ்ப் பாதி சாம்பல் பட்டை. அளவும் மாறவில்லை, தேதியும் மாறவில்லை. ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் என்ற மென்பொருள் சாதாரணமாக அளவையும் தேதியையும் மட்டும்தான் ஒப்பிடும், அதற்கு இது தெரிந்திருக்காது. கிட்-அனெக்ஸ் கெட்டுப்போன நகலைத் தனியே ஒதுக்கிவிட்டு, இந்த டிஸ்க்கில் இனி இது இல்லை என்று கணக்கில் எழுதியது. இன்னொரு டிஸ்க்கைச் செருகி ‘கெட்’ என்றேன், நல்ல நகல் வந்துவிட்டது.

இனி குறைகள், இவை சின்னக் குறைகள் இல்லை. கற்றுக்கொள்ள நேரம் பிடிக்கும், கிட் தெரியாதவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சிம்லிங்க்கைப் பார்த்தால் குழம்புகிற மென்பொருள்கள் உண்டு, அப்போது ஃபைலை ‘அன்லாக்’ செய்ய வேண்டும், அதாவது சிம்லிங்க் இருக்கும் இடத்தில் உண்மையான ஃபைலையே வைக்க வேண்டும். பென் டிரைவ்களில் அடிக்கடி பார்க்கிற ஃபேட் வகை ஃபைல் சிஸ்டத்தில் சிம்லிங்க்கே கிடையாது, அங்கே வேறு வழியில் வேலை செய்யும், ஆனால் ஒரே ஃபைல் இரட்டை இடம் பிடிக்கும், அதனால் டிஸ்க்கை முதலிலேயே லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்துக்கு மாற்றிவிடுங்கள். லட்சக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல்கள் இருந்தால் வேகம் நன்றாகவே குறையும். ஒரு பெரிய ஃபைலில் ஒரு பைட் மாறினாலும் அது புதுச் சாவி, முழு ஃபைலும் மறுபடி போகும், சிங்த்திங் மாதிரி மாறிய பிளாக்கை மட்டும் அனுப்பாது, ஆகவே விர்ச்சுவல் மெஷின் இமேஜ் போன்று அடிக்கடி மாறுகிற பெரிய ஃபைல்களுக்கு இது ஒத்துவராது. விண்டோஸில் ஓடும், லினக்ஸில் இருக்கிற நிம்மதி இருக்காது. ‘சிங்க்’ கட்டளை உள்ளடக்கத்தையும் அனுப்புமா, வெறும் பட்டியலை மட்டும் அனுப்புமா என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது, நான் எப்போதும் ‘கன்டென்ட்’ ஆப்ஷனைச் சேர்த்தே எழுதுகிறேன்.

கிளவுடில் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜிபிஜி என்ற மென்பொருளை வைத்து என்கிரிப்ஷன் போட்டால், அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி வைத்தால், ஃபைல் பெயர்கூட வெளியே தெரியாது, அருமையான விஷயம். ஆனால் அங்கே இருப்பது புரியாத பெயர் கொண்ட துண்டுகள் மட்டும்தான். எந்தத் துண்டு எந்தப் போட்டோ என்ற விவரம் கிட் ரெப்போவில் இருக்கிறது, துண்டுகளைத் திறக்கும் ரகசியச் சாவியும் (முன்னே சொன்ன சாவிப்பெயர் இல்லை) அங்கேதான், உங்கள் ஜிபிஜி சாவியால் பூட்டப்பட்டு. ரெப்போவையோ ஜிபிஜி சாவியையோ தொலைத்தால் கிளவுடில் பணம் கட்டி வைத்திருக்கும் எதையும் படிக்க முடியாது. ரெப்போவை எல்லா டிஸ்க்கிலும் வையுங்கள், ஜிபிஜி சாவியைத் தனியே ஒரு பென் டிரைவிலும் வையுங்கள்.

இந்த வாரம் அந்தப் பழைய டிஸ்க் சுழலவே மறுத்துவிட்டது. இனி அது இல்லை என்று கிட்-அனெக்ஸுக்குச் சொல்ல, ‘டெட்’ என்று குறித்தேன். ஒரு ஃபைலுக்குக் குறைந்தது எத்தனை நகல் வேண்டும் என்று சொல்கிற ‘நம்காப்பீஸ்’ அமைப்பை இப்போது 2 என்று வைத்திருக்கிறேன், அதற்குக் கீழே போன ஃபைல்கள் எவை என்று கேட்டேன், நூற்றுச் சொச்சம் பெயர்கள் வரிசையாக வந்தன, பாட்டியின் ஒலிப்பதிவுகளில் மூன்றும் அதில் இருந்தன. புது டிஸ்க்குக்கு அவை போய்க்கொண்டிருக்கின்றன, இன்னும் நாற்பது பாக்கி.