காடிக்கு (காருக்கு) கால்மிதி கார்ப்பெட் மாற்றப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

கடைப் பெயரைக் கேட்காதீர்கள். கார்ப்பெட்டுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பி வாங்கும்போது, பெயரை வெளியில் சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பினாங்குத் தீவில் உள்ள கடை. அதற்கு மேல் வேண்டாம். நடந்ததைச் சொல்ல எந்தத் தடையும் இல்லை.

என்னுடையது பழைய டொயோட்டா வியாஸ் காடி, செகண்ட்ஹேண்டில் வாங்கியது. சீட்டு, கதவு, தரை என்று உள்ளே எல்லாமே சந்தன நிறம். கூடவே வந்த துணிக் கார்ப்பெட்டும் அதே நிறம்தான். ஆனால் குதிகால் படும் இடம் தேய்ந்து, மழையில் ஊறி ஊறிக் கறுத்துப்போயிருந்தது. தைப்பூசத்துக்குள் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அம்மாவுக்குப் பால்குடம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு என் காடியில்தான் எல்லாரும் போவோம்.

முதலில் மனதில் இருந்தது, நூடுல்ஸ் மாதிரி பிளாஸ்டிக் இழை சுருண்டு கிடக்குமே, அந்தக் காயில் மேட். தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில் அவசரமாகத் தட்டியதில் "கோயில் மேட் வாங்கலாமா?" என்று போய்விட்டது. "அம்மா உக்கார்றதுக்கா? வீட்லயே பாய் இருக்கே" என்று பதில். அவள் பேச்சைக் கேட்டு வீட்டுப் பாயோடு நிறுத்தியிருந்தால் 390 வெள்ளி (ரிங்கிட்) மிச்சம்.

கடையில் இருந்தவன் நம்ம பையன். "வாங்கக்கா, பசியாறிட்டீங்களா?" என்று ஆரம்பித்தான். அதிலேயே பாதி விழுந்துவிட்டேன். காடிக் கதவைத் திறந்து சீட்டைத் தடவிப் பார்த்தான். "இந்தக் கலருக்கு காயில் மேட் எடுபடாதுக்கா. கேரமல் கலர்ல 5டி போடுங்க, ஷோரூம் காடி மாதிரி ஆயிடும்" என்றான். மேலே தோல் மாதிரி உறை, அடியில் நுரை, ஓரம் கிண்ணம்போல உயர்ந்து நிற்கும். அதுதான் 5டி. கேரமல், காப்பி, ஒயின் சிவப்பு, சிவப்பு நூல் போட்ட கறுப்பு என்று ஒவ்வொரு துண்டாக எடுத்து வந்து சீட்டின் மேல் வைத்துக் காட்டினான். அரை மணி நேரம் நிறத்தைப் பற்றியே பேச்சு. பெடலைப் பற்றி அவனும் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. "உங்க மாடலுக்குன்னே வெட்டினதுக்கா. ஒரு சொட்டுத் தண்ணி கீழ இறங்காது."

280 வெள்ளி என்று தொடங்கியது, பின்னால் சாமான் வைக்கும் பூட்டுக்கும் சேர்த்துப் போட்டால்தான் கலர் ஒத்துவரும் என்று 390-க்குப் போனது. ரசீதில் "கார் மேட் 1 செட்" என்று ஒரே வரி. என்ன பொருள், என்ன நிறம், எந்த மாடலுக்கு, ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரி பின்னால் என்னை எவ்வளவு அலைக்கழித்தது என்று சொல்கிறேன்.

மாட்டும்போது நான் ஏர்கோண்டில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தேன். கடையின் வெள்ளை விளக்கில் தங்கம்போல இருந்த கேரமல், வெளியே வெயிலுக்கு வந்ததும் பழுத்த பப்பாளி நிறத்தில் பல்லைக் காட்டியது. "போகப் போகப் பழகிடும்க்கா" என்றான். பழைய கார்ப்பெட் எங்கே என்றேன். தூக்கிப் போட்டாயிற்றாம்.

தைப்பூசத்தன்று பின்சீட்டின் கீழே வைத்திருந்த பால் டப்பாவின் மூடி கழன்றது. அதிகம் இல்லை, அரை லிட்டர் இருக்கும். கிண்ணம் மாதிரி இருக்கிறதே, அதிலேயே நிற்கும், துடைத்துவிடலாம் என்று விட்டுவிட்டேன். இரண்டு துண்டு சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்ததை அப்போது பார்க்கவில்லை. காடித் தரையின் நடுவில் புடைத்து நிற்கும் திட்டின் இரண்டு பக்கமும் பால் இறங்கி, ஒட்டியிருந்த தரைத் துணியில் தங்கிவிட்டது. மேலே உறை காய்ந்து பளபளவென்று இருக்கிறது, அடியில் காற்றுப் போக வழியே இல்லை. மூன்று நாள் வெயிலில் நிறுத்திய பிறகு கதவைத் திறந்தால் தயிர்க்கடை. அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு "முருகா" என்றார். பக்தியில் சொன்னதாகத் தெரியவில்லை.

நாற்றத்தோடு போயிருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் ஜெலுத்தோங் எக்ஸ்பிரஸ்வேயில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு லாரி. முந்துவதற்காக எண்ணெய்ப் பெடலை (ஆக்சிலரேட்டரை) நன்றாக அழுத்தினேன். முந்தியாயிற்று, காலை எடுத்தேன், பெடல் மட்டும் மேலே வரவில்லை. இஞ்சின் கத்துகிறது, காடி இன்னும் வேகமெடுக்கிறது. பக்கத்தில் தங்கச்சி. குனிந்து கையால் இழுக்கலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

எங்கப்பா லாரி ஓட்டியவர். "வண்டி சொன்ன பேச்சு கேக்கலன்னா கியர நியூட்ரலுக்குத் தள்ளு" என்று சின்ன வயதில் நூறு தடவை சொல்லியிருப்பார். கை தானாகப் போனது. இஞ்சின் சும்மா அலறிக்கொண்டிருக்க, பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டினேன். விட்டு விட்டு அழுத்தக்கூடாது. எண்ணெய்ப் பெடல் முழுக்க அழுந்திக் கிடக்கும்போது விட்டு விட்டு மிதித்தால் பிரேக்குக்கு உதவும் காற்றிழுப்பு தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது சாவியை முழுக்கத் திருப்பி எடுக்கவும் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

காடி பழுதுபார்க்கும் போர்மனிடம் கொண்டுபோனேன். வயதான சீன அங்கிள். ஓட்டுநர் பக்கத்து மேட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சியாப்பா பாசாங் இனி?" என்று கேட்டார். யார் மாட்டியது என்று கேட்ட தொனியிலேயே நான் குறுகிப்போனேன். தூக்கிப் போட்டதாகச் சொன்ன என் பழைய துணிக் கார்ப்பெட் அடியிலேயே கிடந்தது. புது மேட் வேறு ஏதோ காடிக்கு வெட்டியது, என் தரைக் குழிவோடு ஒட்டவில்லை. பள்ளம் தெரியாமல் இருக்கப் பழையதை மடித்து உள்ளே திணித்திருக்கிறார்கள். தரையில் கார்ப்பெட்டைப் பிடிக்க இருந்த இரண்டு கொக்கிகளையும் பிடுங்கிவிட்டார்கள். கொக்கி இல்லாததால் காலை வைக்க வைக்க மேட் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து, அந்த உயர்ந்த ஓரம் எண்ணெய்ப் பெடலின் கீழ்நுனியைக் கவ்விக்கொண்டது.

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. 2009 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் சான் டியாகோ பக்கத்தில், இரவலாகக் கொடுக்கப்பட்ட ஒரு லெக்சஸ் காடியில் வேறு மாடலின் ரப்பர் மேட் போட்டிருந்து, பெடல் சிக்கி, ஒரே குடும்பத்தில் நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலைப் போலீஸ்காரர். அதன் பிறகு டொயோட்டா அங்கே ஏறக்குறைய 3.8 மில்லியன் காடிகளுக்கு மேட் விஷயமாகத் திரும்ப அழைப்பு விடுத்தது. போலீஸ்காரரையே விடவில்லை என்றால் நானெல்லாம் எம்மாத்திரம்.

கடைக்குப் போனேன். அதே பையன், "அக்கா" என்ற வார்த்தையைக் காணோம். "நீங்கதான் மேட்ட நகர்த்தியிருக்கீங்க" என்றான். முதலாளி வந்து, என் மாடலுக்கு வெட்டியது என்று எங்கே எழுதியிருக்கிறது, காட்டு என்றார். ரசீதில்தான் ஒன்றும் இல்லையே.

பிறகுதான் பயனீட்டாளர் (நுகர்வோர்) தீர்ப்பாயம் ஞாபகம் வந்தது. மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் வேண்டியதில்லை. போர்மன் எடுத்துக் கொடுத்த படங்கள், கொக்கி பிடுங்கிய ஓட்டைகள், பையன் வாட்ஸ்அப்பில் "ஃபுல் கஸ்டம், உங்க மாடல்" என்று முன்பே அனுப்பியிருந்த செய்தி, எல்லாவற்றையும் சேர்த்து தீர்ப்பாயத்தில் முதல் படிவத்தைப் போட்டேன். ரசீது செய்யாததை அந்த வாட்ஸ்அப் செய்தது. விசாரணைக்கு முன்பே முதலாளி கூப்பிட்டு 390-ஐயும் தரைத்துணி கழுவிய செலவையும் கொடுத்தார். காடிக்குள் நான் பட்ட பயத்துக்கு விலை கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

இனி வாங்குபவர்கள் முதலில் ஓட்டுநர் பக்கத்தைப் பாருங்கள். கொக்கியில் மாட்டுகிறதா, கீழே வேறு எதுவும் இல்லையா, பெடலைத் தரைவரை அழுத்தினாலும் மேட்டைத் தொடாமல் திரும்புகிறதா. இஞ்சினை அணைத்துவிட்டு நீங்களே உட்கார்ந்து அழுத்திப் பாருங்கள், மைலோ ஆறட்டும். நிறம் அப்புறம். அதையும் வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும். சந்தன நிற உள்பக்கத்துக்கு அதே நிறத்தைத் தேடாதீர்கள், ஒரே மழையில் காலடி தெரியும். அதைவிட இரண்டு படி அடர்த்தியான பழுப்போ சாம்பலோ எடுங்கள். கறுப்பு உள்பக்கம் என்றால் முழுக் கறுப்பு மேட் அழுக்கை மறைக்கும் என்பார்கள். சேறு மறையும், ஆனால் திருநீறும் ஃபெரிங்கி கடற்கரை மணலும் பளிச்சென்று தெரியும். காயில் மேட் மணலை உள்ளே வாங்கி ஒளித்துக்கொள்ளும், வாரம் ஒரு முறை எடுத்துத் தட்ட முடிந்தவர்களுக்குச் சரி. எங்க அம்மா மாதிரி கைத்தடி ஊன்றுகிறவர் ஏறினால் தடியின் நுனி அந்தச் சுருளில் மாட்டும். மீன் வாங்க, பிள்ளைகளை ஏற்றி இறக்க என்று ஈரத்திலேயே ஓடும் காடிக்கு, கழற்றிக் குழாயடியில் கழுவக்கூடிய அச்சு வார்த்த ரப்பர் வகை நல்லது. தைத்து ஒட்டிய எதுவும் அந்த வேலைக்கு ஆகாது.

நான் கடைசியில் காடிக் கம்பெனியின் சர்வீஸ் கவுண்டரில் சொல்லி, என் மாடலுக்கான சாம்பல் நிறக் கார்ப்பெட்டும் இரண்டு புதுக் கொக்கியும் வாங்கிப் போட்டேன். சந்தனத்துக்கும் சாம்பலுக்கும் ஒத்தே வரவில்லை என்று தங்கச்சி ஏறும்போதெல்லாம் சொல்கிறாள். பால் வாடை மட்டும் மத்தியான வெயிலில் இன்னும் லேசாக எட்டிப் பார்க்கிறது. பேக்கிங் சோடா போட்டுப் பார்த்துவிட்டேன். வேறு யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.