சென்ஹைசர் எச்டி 25: மண்டபத்து மேடையில் பல வருஷம் பயன்படுத்திய பிறகு

டிஜே ஹெட்ஃபோனை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுக் கேட்டு மதிப்பிடுவதில் பெரிய பிரயோஜனம் இல்லை. அது வேலை செய்ய வேண்டிய இடம் வேறு. கல்யாண ரிசப்ஷன் மேடை ஓரம், பக்கத்திலேயே 18 இன்ச் சப்வூஃபர், எதிரே ஆடுகிற கூட்டம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அடுத்து வரப்போகிற பாட்டின் முதல் அடியை ஒரே காதால் பிடிக்க வேண்டும். இதற்கு உதவுகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. நான் பல வருஷமாக எச்டி 25 வைத்துத்தான் வேலை செய்கிறேன். இது அந்த அனுபவம்.

1988-இல் வந்த மாடல் இது. வடிவம் இன்றுவரை அதிகம் மாறவில்லை. டிஜேக்கள் மட்டுமல்ல, வெளிப்புறப் படப்பிடிப்பில் ஒலியைச் சரிபார்க்கிறவர்களும் இதை விரும்பி வைத்திருப்பார்கள். கேபிள் இல்லாமல் எடை சுமார் 140 கிராம். கையில் எடுத்தால் இவ்வளவு லேசா என்றுதான் முதலில் தோன்றும். பளபளப்பும் கிடையாது. கடையில் பக்கத்தில் இருக்கும் பெரிய, கனமான ஹெட்ஃபோன்களோடு பார்த்தால் விலைக்கு ஏற்ற பொருளாகத் தெரியாது. தோற்றத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது தலையில் உட்காரும் விதம். ஹெட்பேண்ட் இரண்டு பட்டையாகப் பிரியும். இரண்டையும் விரித்துவிட்டால் குனிந்து ஒயர் செருகும்போதும் தலையை ஆட்டும்போதும் நழுவாது. ஒரு பக்கத்துக் கப்பைத் திருப்பிக் காதுக்குப் பின்னால் தள்ளிவிடலாம். ஒரு காதில் க்யூ (அடுத்து வரப்போகிற பாட்டை நாம் மட்டும் கேட்டுப் பார்ப்பது), இன்னொரு காதில் மண்டபம் என்று வேலை செய்பவர்களுக்கு இது பெரிய வசதி. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கழுத்து வலியோடு வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

காதை முழுசாக மூடாமல் காது மேலேயே உட்கார்ந்து அழுத்தும் வகை இது. இந்த வகையில் எதை வாங்கினாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் காது மடல் வலிக்க ஆரம்பிக்கும். கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கொஞ்சம் சீக்கிரமே வலிக்கும். தோடு, கடுக்கன் போடுகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும், திருகாணி காதுக்குப் பின்னால் குத்தும். நிகழ்ச்சிக்கு முன் கழற்றிவிடுவது நல்லது. அந்த இறுக்கத்தை ஒரு குறையாகச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. வெளிச்சத்தத்தைத் தடுப்பதும் அதுதான், பேஸைக் காப்பாற்றுவதும் அதுதான். குஷனுக்கும் காதுக்கும் நடுவில் சின்ன இடைவெளி விழுந்தாலும் முதலில் காணாமல் போவது தாழ்ந்த ஒலிகள். ஒரே ஹெட்ஃபோனில் ஒருவருக்கு பேஸ் நிறையக் கேட்பதும், இன்னொருவருக்குச் சப்பென்று இருப்பதும் பல நேரம் இதனால்தான். கடையில் போட்டுப் பார்க்கும்போது இரண்டு கப்பையும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் அது உங்கள் காதில் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு சோதனை பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்களைவிட அதிகம் சொல்லும்.

அடுத்தது உறுதி. இதற்கு முன் வைத்திருந்த வேறொரு ஹெட்ஃபோனில் கப் மடங்குகிற கீல் ஒரு நிகழ்ச்சியின் நடுவிலேயே உடைந்துவிட்டது. பாகம் தனியாகக் கிடைக்கவில்லை, மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அதன் பிறகு நான் பார்ப்பது ஒன்றுதான்: உடைந்தால் உடைந்த பாகத்தை மட்டும் மாற்ற முடியுமா? எச்டி 25-இல் முடியும். குஷன், கேபிள், ஹெட்பேண்ட், உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் எல்லாமே தனித்தனியாகக் கிடைக்கும். கேபிள் கப்புக்குள் சின்ன பின்களால் செருகப்பட்டிருக்கிறது. சால்டரிங் இல்லாமல் கையாலேயே கழற்றி மாட்டலாம். நான் பையில் ஒரு உபரி கேபிள் எப்போதும் வைத்திருப்பேன்.

குஷன் எந்த ஹெட்ஃபோனிலும் தேய்கிற பொருள்தான். நம் ஊர் வியர்வைக்கு ரெக்சின் மாதிரி மேலுறை சீக்கிரம் உரியும். வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, காற்றாட விட்டு, அப்புறம் பையில் போட்டால் கூடுதலாக உழைக்கும். வெல்வெட் மாதிரியான துணிக் குஷனும் உண்டு. காதுக்கு இதமாக இருக்கும், பேஸ் கொஞ்சம் கசியும். விலை குறைவு என்று தடிமனான குஷனை வாங்கிப் போட்டால் ஸ்பீக்கருக்கும் காதுக்கும் தூரம் கூடி, ஒலியின் குணமே மாறிவிடும். இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

இனி ஒலி. டிரம்மின் கிக் (தாழ்ந்த ‘தும்’ அடி), ஸ்னேர் (கூர்மையான அடி) இரண்டும் விளிம்பு தெரிகிற மாதிரி கேட்கும். மேலே ஹை-ஹாட் என்கிற தாளத்தட்டின் ஒலி தெளிவாக இருக்கும். இசை அகலமாக விரிந்து கேட்காது, எல்லாம் தலைக்குள்ளேயே நெருக்கமாக ஒலிக்கும். நிதானமாக உட்கார்ந்து கர்நாடக சங்கீதம் கேட்க இதை வாங்கச் சொல்ல மாட்டேன். ஸ்டுடியோவில் ஒரு பாட்டின் ஒலிகளைச் சமன்செய்யும் மிக்ஸிங் வேலைக்கும் வேண்டாம். இதில் பேஸ் தூக்கலாகக் கேட்பதால் நம்மையறியாமல் குறைத்துவிடுவோம்.

மேடையில் நிலைமை வேறு. மெயின் ஸ்பீக்கர் நம்மிடமிருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தாலே ஒலி நம் காதுக்கு வந்து சேர சுமார் 29 மில்லிசெகண்ட் ஆகும். அந்தத் தாமதத்தை நம்பி இரண்டு பாட்டின் பீட்டையும் (தாள அடிகளை) சேர்த்தால் சேராது. அதனால் மிக்ஸரில் க்யூ-மாஸ்டர் குமிழைத் திருப்பி, ஓடுகிற பாட்டையும் வரப்போகிற பாட்டையும் ஹெட்ஃபோனுக்குள்ளேயே ஒன்றாகக் கேட்பேன். இரண்டு கிக் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறதா, முன்னே பின்னே தட்டுகிறதா என்பது எச்டி 25-இல் உடனே தெரிகிறது. என் வேலைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை.

இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாகவே சேர்த்துவிடும் சிங்க் பட்டன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். பழைய படப் பாடல்கள் பலவும் கையால் வாசித்துப் பதிவானவை. வேகம் ஒரே சீராக நிற்காது, சரணத்துக்குப் போகும்போது லேசாக ஓடும். குத்துப் பாட்டில் மூன்று மூன்றாக விழும் அடிகளை மென்பொருள் பல நேரம் தப்பாக எண்ணும். அந்த இடத்தில் காதுதான் வேலை செய்ய வேண்டும்.

புளூடூத் ஹெட்ஃபோனை இதற்குப் பயன்படுத்தவே முடியாது. 128 பிபிஎம் (நிமிஷத்துக்கு 128 அடி) பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் 469 மில்லிசெகண்ட்தான். சாதாரண புளூடூத்தில் 150, 200 மில்லிசெகண்ட் தாமதம் சர்வசாதாரணம். ஒயர்தான் வேண்டும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இது மிகவும் சத்தமாகப் போகக்கூடிய ஹெட்ஃபோன், 120 டெசிபல் என்று நிறுவனமே குறிப்பிடுகிறது. 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிஷம்தான். கப் நன்றாகப் பொருந்தி வெளிச்சத்தத்தைத் தடுத்தால் வால்யூமைக் குறைவாக வைத்தே வேலை பார்க்கலாம். நான் பாட்டு மாறும் நேரத்துக்கு மட்டும் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, மற்ற நேரம் கழுத்தில் தொங்கவிடுகிறேன், வால்யூம் குமிழையும் கீழே இறக்கிவிடுகிறேன்.

வாங்குகிறவர்களுக்கு: வாரத்தில் ஒன்றிரண்டு நிகழ்ச்சி, நின்றபடி மூன்று நாலு மணி நேரம் என்றால் தயங்காமல் எடுக்கலாம். ஹோட்டல் லவுஞ்ச் மாதிரி இரவு முழுக்கத் தலையில் மாட்டியிருக்கும் வேலை என்றால் காதை முழுசாக மூடும் வகையையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 6.3 மில்லிமீட்டர் அடாப்டர் திருகி மாட்டுகிற வகை, அதை ஜாக்கிலிருந்து கழற்றாமல் அப்படியே விட்டுவிடுங்கள். மேடை இருட்டில் கீழே விழுந்தால் தேடி எடுக்க முடியாது.