தீப்பெட்டி ஆலையில் ஒரு லாஃப்ட் வீடு: கிழக்கு லண்டன், போ குவார்ட்டர்

கிழக்கு லண்டனில் ஃபேர்ஃபீல்ட் ரோட்டில் இருக்கும் போ குவார்ட்டரில், மன்ஹாட்டன் என்ற கட்டடத்தில் விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு லாஃப்ட் வீட்டை, அதாவது உயரமான ஆலைக் கூடத்தை வீடாக்கியதை, பார்த்துவிட்டு வந்தோம். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் தாராளமாகப் பார்க்கலாம். தவழும் குழந்தையோ, ஊரிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கும் பெரியவர்களோ இருந்தால் இந்த மாதிரி வீடு சரிப்படாது.

இந்த வளாகம் ஒரு காலத்தில் பிரையன்ட் அண்ட் மே கம்பெனியின் தீப்பெட்டித் தொழிற்சாலை. 1979இல் ஆலையை மூடினார்கள். எண்பதுகளின் கடைசியில் வீடுகளாக மாற்றும் வேலை தொடங்கியது. எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. அம்மா சின்ன வயதிலேயே தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர். பகலில் கட்டையில் தீக்குச்சி அடுக்குவார், ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார். அதனால் விளம்பரத்தில் ‘பழைய தீப்பெட்டி ஆலை’ என்று பார்த்ததும் மற்ற வீடுகளை ஒதுக்கிவிட்டு இதற்குத்தான் முதலில் நேரம் கேட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கண் மேலேதான் போகிறது. லண்டனில் புதிதாகக் கட்டும் அடுக்ககங்களில் கூரை பெரும்பாலும் எட்டடிக்குச் சற்று மேலேதான் இருக்கும். இங்கே கூடத்துக்கு மேலேயே ஒரு பரண் மாதிரித் தளம் போட்டு, அதில் படுக்கையறை வைத்திருக்கிறார்கள். அப்படியும் கீழே நிற்கிறவர் தலைக்கு மேல் நல்ல இடைவெளி இருக்கிறது. செங்கல் சுவரைப் பூசாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், பொடி உதிரவில்லை. செங்கல்லுக்கு இடையிலுள்ள சாந்தும் கெட்டியாக இருக்கிறது. ஆள் உயரத்தைத் தாண்டிப் போகும் ஜன்னல்கள். மேகம் மூடிய மத்தியானத்திலும் விளக்குப் போடாமல் பேப்பர் படிக்கலாம்.

அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டு வீட்டைச் சுற்றிக் காட்டினேன். தரை, குளியலறை எதையும் அவர் கேட்கவில்லை. “ஏய்யா, கூரை இம்புட்டு உசரத்துல இருந்தா மருந்து நெடி மேல போயிரும். நாங்க இருந்த கொட்டாய்ல மூச்சு முட்டும்” என்றார். அப்புறம் ஜன்னல் திறக்குமா என்று கேட்டார். திறந்து காட்டினேன்.

அவர் கேட்டது எனக்கு வேறொரு விஷயத்தை நினைவுபடுத்தியது. எங்கள் வட்டாரத்தில் செய்வது பாதுகாப்புத் தீக்குச்சி. அதில் சிவப்புப் பாஸ்பரஸ் பெட்டியின் உரசும் பக்கத்தில்தான் இருக்கும், குச்சித் தலையில் இருக்காது. போ ஆலையிலோ அந்தக் காலத்தில், எங்கே உரசினாலும் பற்றும் குச்சிகளை வெள்ளைப் பாஸ்பரஸ் வைத்துச் செய்தார்கள். அதன் ஆவி தாடை எலும்பையே அரித்துவிடும். வேலை செய்கிற இடத்திலேயே சாப்பிட வேண்டியிருந்ததால் சோற்றோடு சேர்ந்து விஷமும் உள்ளே போனது. போதாததற்கு, அற்பக் காரணங்களுக்கெல்லாம் கூலியில் அபராதம் பிடித்தார்கள். 1888 ஜூனில் அன்னி பெசன்ட் இதையெல்லாம் பத்திரிகையில் எழுதினார். சென்னை பெசன்ட் நகருக்குப் பெயர் தந்த அதே அன்னி பெசன்ட்தான். அவர் இந்தியா வந்தது அதற்குப் பிறகு, 1893இல். ஜூலையில் ஏறக்குறைய 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். ஒரு மாதம் முடிவதற்குள் கம்பெனி இறங்கி வந்தது. அபராதம் ஒழிந்தது, சாப்பிடத் தனி இடம் கிடைத்தது. பேர் வாங்கியவர் பெசன்ட் என்றாலும், உள்ளே இருந்து போராட்டத்தை நடத்தியவர்கள் சாரா சாப்மன் போன்ற தொழிலாளிகள்தான்.

வீட்டைக் காட்டிய ஏஜென்ட், அந்தப் பெண்கள் இந்த அறையில்தான் வேலை பார்த்தார்கள் என்றார். அது சரியல்ல. வேலைநிறுத்தம் நடந்தது இந்த வளாகத்தில். ஆனால் இப்போது நிற்கும் பெரிய சிவப்புச் செங்கல் கட்டடம் எழும்பியது 1909இலிருந்து 1911க்குள். அதற்கு முன்பே, 1901இல், கம்பெனி வெள்ளைப் பாஸ்பரஸை விட்டுவிட்டது. வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்தப் பெண்களின் கதையைச் சொல்லி விலை ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2022இல் அவர்களுக்காக நீல நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். வீடு பார்க்கப் போகிறவர்கள் அதையும் நின்று படித்துவிட்டுப் போங்கள்.

இனி வசிக்கிற விஷயம். சமையலறைக்குச் சுவர் கிடையாது. கடுகு தாளித்தாலோ கருவாடு வறுத்தாலோ வாசம் நேராக மேல்தளப் படுக்கைக்குப் போகும். வெளியே காற்றைத் தள்ளும் புகைபோக்கி இருக்கிறதா, இல்லை அறைக்குள்ளேயே சுற்றவிடுகிற வகையா என்று அடுப்புக்கு மேலே கை வைத்துப் பாருங்கள். மேல்தளத்துக்குப் போகும் படி செங்குத்தாக இருக்கிறது, அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. சூடு மேலே ஏறும் என்பதால் குளிர்காலத்தில் கீழே ஹீட்டர் போட்டாலும் மாடிதான் காயும். ஜூலை வெயிலில் மேலே படுப்பவர்களுக்கு ஜன்னல் திறந்தாக வேண்டும். ரயில் பாதை பக்கத்திலேயே போவதால், அந்தப் பக்கம் பார்த்த வீடு என்றால் ஜன்னலைத் திறந்து வைத்துப் பத்து நிமிஷம் பேசாமல் நின்று கேளுங்கள். நாங்கள் பார்த்தது உள்முற்றத்தைப் பார்த்த வீடு. மரங்கள் தெரிகின்றன, சத்தம் குறைவு.

ஜன்னல் பிடிக்கவில்லை என்று மாற்ற நினைத்தால் அது உங்கள் கையில் இல்லை. இது அரசின் பாதுகாப்புப் பட்டியலில் ‘கிரேடு II’ என்ற வகையில் இருக்கும் பாரம்பரியக் கட்டடம். அதன் தோற்றத்தைத் தொடும் எந்த மாற்றத்துக்கும் கவுன்சிலின் தனி அனுமதி வேண்டும்.

பணக் கணக்கில் விலையைவிட முக்கியம் குத்தகை ஆண்டுகள். இங்கிலாந்தில் பெரும்பாலான அடுக்கக வீடுகளைப் போல இதுவும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான குத்தகை உரிமைதான், நிலம் நமக்குச் சொந்தமாகாது. மிச்சம் 80 ஆண்டுகளுக்குக் கீழே போய்விட்டால் நீட்டிக்கச் செலவு கூடும், வங்கிகளும் தயங்கும். அடுத்தது பராமரிப்புக் கட்டணம். நீச்சல் குளம், ஜிம், காவலாளி, தோட்டம் எல்லாம் எல்லாருடைய பணத்திலும்தான் ஓடும். குளத்தில் இறங்காதவரும் அதற்குக் கட்டத்தான் வேண்டும். நூறு வயதைத் தாண்டிய கட்டடத்துக்குக் கூரை வேலை, லிஃப்ட் வேலை என்று பெரிய செலவுகள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதற்கென்று சேமிப்பு நிதி இருக்கிறதா, எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். 2017இல் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்ககத்தில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு உயரமான கட்டடங்களுக்கு வங்கிகள் வெளிச்சுவரின் தீப் பாதுகாப்புச் சான்றிதழைக் கேட்கலாம் என்பதால், அதையும் வக்கீல் மூலம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

போக்குவரத்துக்குக் குறையில்லை. போ ரோடு ஸ்டேஷன் நடக்கிற தூரம். அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறினால் மாறாமல், நம்மூர்க் கடைகள் இருக்கும் ஈஸ்ட் ஹாம். மாவு, கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் ஒரே ரயிலில் முடிந்துவிடும்.

இங்கே பல வருஷமாகக் குடியிருக்கும் ஒருவர் முற்றத்தில் பேச்சுக் கொடுத்தார். 2012 ஒலிம்பிக்கின்போது பக்கத்து லெக்சிங்டன் கட்டடத்தின் தண்ணீர்க் கோபுரத்தில் ராணுவம் விமான எதிர்ப்பு ஏவுகணைகளை வைத்த கதையை இன்னும் ஆச்சரியம் மாறாமல் சொன்னார். அக்கம்பக்கம் எப்படி என்று கேட்டதற்கு, நின்று பேசுகிறார்கள் என்றார். லண்டனில் அது எனக்குப் பெரிய விஷயம்.

என் மனைவிக்கு வீடு பிடித்திருக்கிறது, எனக்கு அதைவிட. அம்மா வந்தால் எங்கே படுப்பார் என்பதற்கு மட்டும் விடை வேண்டும். கூடத்தின் ஓரத்தில் ஒரு தடுப்பு வைக்க இடமிருக்கிறது. கடந்த மூன்று வருஷப் பராமரிப்புக் கணக்கையும் குத்தகைப் பத்திரத்தையும் கேட்டிருக்கிறோம். இரண்டும் கைக்கு வந்து, வக்கீல் படித்துச் சரி என்றால் விலை பேசுவோம்.