மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பா, கூல் பெயின்ட்டா, வெள்ளை டைல்ஸா?

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. ஜலகண்டேஸ்வரர் 1981-இல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளமே வந்தது. மலை மட்டும் அப்படியே இருக்கிறது. பகலெல்லாம் காய்ந்த பாறை ராத்திரியில் அனலை ஊருக்குள் விடுகிறது. ஏசி வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, முதலில் மாடியைக் கவனிப்போம், அப்புறம் ஏசி என்றேன்.

கொசப்பேட்டையில் எங்களுடையது தாத்தா கட்டிய வீடு. முன்கட்டு மெட்ராஸ் ஒட்டு: தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி மூலைவாட்டில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டி, தட்டோடு பதித்தது. பின்கட்டு பிற்பாடு போட்ட காங்கிரீட் தளம், சுமார் 300 சதுர அடி. ஒரே வீடு என்றாலும் இரண்டு தளத்துக்கும் ஒரே மருந்து ஆகாது. இது எனக்குப் புரியவே ஒரு கோடை ஆனது.

குளிர்ச்சியை மட்டும் பார்த்தால் சுண்ணாம்பு, கூல் பெயின்ட் (வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பெயின்ட்), வெள்ளை டைல்ஸ் மூன்றும் செய்வது ஒரே வேலைதான். புது வெள்ளைப் பரப்பு வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். கறுத்துப்போன சிமென்ட் தளம் கிட்டத்தட்ட அதே அளவை உள்ளே வாங்கிக்கொள்ளும். புதிதாக இருக்கும்வரை எதைப் போட்டாலும் உங்கள் உள்ளங்கால் வித்தியாசம் காணாது. வித்தியாசமெல்லாம் எடையிலும் ஈரத்திலும் இருக்கிறது.

டைல்ஸை முதலில் முடித்துவிடுகிறேன். உழைக்கும், பெருக்கினால் சுத்தமாகும், வடகம் காயப்போட அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அடியில் ஒரு அங்குலம் சிமென்ட் கலவை போட்டால் அதுவே சதுர மீட்டருக்கு 50 கிலோ. பின்கட்டின் 28 சதுர மீட்டருக்குக் கலவை மட்டும் 1,400 கிலோ, டைல்ஸ் எடை தனி. காங்கிரீட் தாங்கலாம். பழைய தேக்கு உத்திரத்தின் தலையில் அதை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. மழையில் வழுக்கும் வேறு. நாமே செய்கிற வேலையும் இல்லை, கொத்தனார் வேண்டும்.

கூல் பெயின்ட் இரண்டு பேர் ரோலர் பிடித்தால் ஒரு நாளில் முடியும். சில வருஷம் நிற்கும். சிக்கல் என்னவென்றால் அது அக்ரிலிக், ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தோல் மாதிரி. மெட்ராஸ் ஒட்டு மழையில் ஈரம் குடித்து வெயிலில் வெளியே விடுகிற ஜாதி. மேலே தோலைப் போர்த்திவிட்டால், எங்கோ ஒரு விரிசலில் இறங்கிய தண்ணீர் மேலே வர வழியில்லாமல் உத்திரத்தைப் பார்த்து இறங்கும். அப்புறம் கரையான். எங்கள் முன்கட்டில் யாரோ முன்பு சிமென்ட் பூசிவைத்த ஒரு மூலையில் இதுதான் நடந்திருந்தது. ஆணியால் குத்தினால் உத்திரத்தின் நுனி ரொட்டி மாதிரி உதிர்ந்தது.

ஆக முன்கட்டுக்குச் சுண்ணாம்புதான். மூன்றிலும் விலை குறைந்தது அதுவே. சூளையில் வெளிவிட்ட கரியமில வாயுவில் ஒரு பங்கைக் காயும்போது திரும்ப வாங்கிக்கொள்வதும் அதுதான். சூளைக்கு எரித்த விறகு, கரியின் கணக்கு தனி. அதனால் பாவமே இல்லை என்று சொல்லமாட்டேன்.

சுண்ணாம்புக் கட்டியைத் தாளிப்பதில், அதாவது தண்ணீரில் நீற்றுவதில், மட்டும் கவனம். தண்ணீரில் கட்டியைப் போடவேண்டும், கட்டியின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. குபுகுபுவென்று கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான். கண்ணாடி, கையுறை இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள். பிளாஸ்டிக் வாளியும் வேண்டாம். ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் பழைய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் பசை கலந்து பால் பதத்தில் மூன்று பூச்சு.

முதல் தடவை நான் காலை பதினோரு மணிக்கு ஆரம்பித்தேன். பூசப் பூசக் காய்ந்தது. மறுநாள் மாடிக்குப் போய் வந்த எல்லோர் காலடியும் கூடத்தில் வெள்ளையாகப் பதிந்திருந்தது. சுண்ணாம்பு இறுக ஈரம் வேண்டும். சாயங்காலம் தளத்தை நனைத்துவிட்டுப் பூசி, காய்ந்தபின் லேசாகத் தண்ணீர் தெளித்த இரண்டாவது முயற்சிதான் ஒட்டியது.

குறை? ஒவ்வொரு கோடைக்கும் பூசவேண்டும். மழைநீர்த் தொட்டி வைத்திருந்தால் பூசிய பிறகு வரும் முதல் ஓரிரு மழையைத் தொட்டிக்குள் விடாதீர்கள், சுண்ணாம்பு கரைந்து வரும். 2003-இலிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பல வீட்டில் குழாய் இருக்கிறது. முதல் மழையைத் திருப்பிவிடும் மூடி இருக்கிறதா என்று பாருங்கள்.

பின்கட்டுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறேன், டைல்ஸ் அல்ல. காரணம் சோலார். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி என்று வைத்தால் பின்கட்டில் 3 கிலோவாட் உட்காரும். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம். பேனல் நிழலே தளத்துக்குக் குடை. அதற்கு அடியில் டைல்ஸ் பதிப்பது வீண்செலவு. முன்கட்டில் பேனல் கால் நட யாரையும் விடமாட்டேன்.

இப்போதைக்கு அம்மா வடகத்தைப் பின்கட்டு மாடியில்தான் காயப்போடுகிறார், முன்கட்டில் போட்டால் சுண்ணாம்பு ஒட்டிவிடும் என்று. பேனல் வந்தபிறகு எங்கே போடுவது என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். அந்த ஒன்றுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.