புற்றுபோல் தோன்றும் ஃபைப்ராய்டு: எம்ஆர்ஐயா, ஃப்ரோசனா, முழு பேத்தாலஜியா?

ஒரு வகைக் கட்டி கர்ப்பப்பையின் பக்கச் சுவரைப் பிளந்துகொண்டு, இடுப்புக்குழிக்குள் செந்நிறக் குமிழ்களாகப் பரவியிருக்கும். பார்க்கப் பிரசவத்துக்குப் பின் வெளிவரும் நஞ்சு போலவே இருக்கும். காட்டிலிடனாய்ட் வகை ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசைக்கட்டி) இது. 1996இல் ரோத், ரீட், ஸ்டெர்ன்பெர்க் மூவரும் விவரித்தார்கள். தீங்கற்ற கட்டிதான். ஆனால் அறுவை மேசையில் முதன்முறை காண்பவருக்குப் புற்று என்றே தோன்றும். இளம்பெண்ணின் கர்ப்பப்பையும் சினைப்பையும் வீணாகப் பறிபோவது அந்த நேரத்தில்தான்.

அல்ட்ராசவுண்ட் கட்டியைக் காட்டும், தன்மையைத் தீர்மானிக்காது. சிஏ-125 என்ற ரத்தக் குறியீடு எண்டோமெட்ரியோசிஸிலும் (கர்ப்பப்பை உட்படலம் வெளியே வளரும் நோய்) ஏறும், சாதாரண ஃபைப்ராய்டிலும் ஏறலாம். எல்டிஹெச் என்ற ரத்த நொதி துணைத் தடயம் மட்டுமே. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தாலே அளவு கூடிவிடும். கர்ப்பப்பை உட்படலத்தில் எடுக்கும் பயாப்சி, தசைக்குள் புதைந்த சர்கோமாவை (தசையில் எழும் புற்று) தவறவிடக்கூடும். ‘நார்மல்’ என்று வந்தால் அதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

அறுவைக்கு முன் உண்மையில் உதவுவது எம்ஆர்ஐ. திசுவில் நீர் நகர்வதைக் காட்டும் டிஃப்யூஷன் படமும் (பி மதிப்பு 1000), அந்த நகர்வை எண்ணாகத் தரும் ஏடிசி வரைபடமும் வேண்டும் என்று கோரிக்கைச் சீட்டிலேயே எழுத வேண்டும்; இல்லையென்றால் சில இடங்களில் எடுக்கவே மாட்டார்கள். டி2 என்ற எம்ஆர்ஐ படத்தில் கட்டி முழுக்கக் கருமையாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. டி2வில் வெளுத்து, டிஃப்யூஷனிலும் பளிச்சிட்டு, ஏடிசி ஏறத்தாழ 0.9க்குக் கீழ் (10⁻³ மி.மீ²/விநாடி அளவில்) இறங்கினால் சந்தேகம் வலுக்கிறது. நீர் கோத்த ஃபைப்ராய்டும் டிஃப்யூஷனில் வெளுக்கும், ஆனால் அதன் ஏடிசி உயர்ந்தே நிற்கும். எம்ஆர்ஐ ஏமாறுவது செல் நெருக்கம் மிகுந்த ஃபைப்ராய்டில்தான்: தீங்கற்றது, ஆனால் சர்கோமாவின் சாயல் அப்படியே இருக்கும்.

திசுவை உறையவைத்து உடனே மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷன், அறுவை நடக்கும்போதே பதில் தரும். ஆனால் பார்ப்பது ஒன்றிரண்டு துண்டுகளைத்தான். பனிப்படிகம் செல்களைச் சிதைப்பதால் செல் பிரிவை (எத்தனை செல்கள் பிரிகின்றன என்பதை) நம்பி எண்ண முடியாது. அதனிடம் ‘இது சர்கோமாவா?’ என்று இறுதித் தீர்ப்பு கேட்பது தவறு. ‘மென்தசைக் கட்டிதானா, வெளிப்படையான புற்று அடையாளம் உண்டா?’ என்று கேட்டால் பயன் உண்டு. காட்டிலிடனாய்ட் கட்டியில் இந்த ஒரு பதில் போதும், பெரிய அறுவையை நிறுத்திவைக்க.

தீர்ப்பு பாரஃபின் பிளாக்கில்தான், அதாவது மெழுகில் பதித்த திசுத்துண்டில். கட்டியை 1 செ.மீ. கனத்தில் அரிந்து உடனே ஃபார்மலினில் போட வேண்டும். தாமதித்தால் செல் பிரிவுகள் குறைவாகத் தெரியும். சந்தேகக் கட்டி என்றால் செ.மீ.க்கு ஒரு பிளாக்காவது வேண்டும், 12 செ.மீ. கட்டிக்கு 12. தேடுவது மூன்றை: உட்கரு விகாரம், மைக்ராஸ்கோப்பின் 10 உயர்திறன் புலங்களில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட செல் பிரிவு, கட்டிச் செல்களின் உறைவு அழிவு. வழக்கமான வகையில் இரண்டு சேர்ந்தால் சர்கோமா. உட்கரு மட்டும் பயமுறுத்தினால் ‘விநோத உட்கரு’ ஃபைப்ராய்டு. பிரிவு மட்டும் கூடினால் ‘பிரிவு மிகுந்த’ ஃபைப்ராய்டு. எதிலும் அடங்காதது ‘ஸ்டம்ப்’ (புற்றாகுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாத மென்தசைக் கட்டி). அதற்குப் பல ஆண்டுக் கண்காணிப்பு தேவை. விநோத உட்கருவோடு மான்கொம்புபோல் கிளைத்த ரத்தக்குழாய்கள் தெரிந்தால் எஃப்ஹெச் (ஃபியூமரேட் ஹைட்ரடேஸ் என்ற நொதிப் புரதம்) சாயப் பரிசோதனையைக் கேளுங்கள். எஃப்ஹெச் புரதம் இல்லையென்றால் மரபணுச் சோதனையும் வேண்டும், ஏனெனில் பரம்பரைக் குறைபாடாக இருந்தால் சிறுநீரகப் புற்று அபாயம் சேர்ந்தே வரும்.

இந்த வரிசையைக் குலைப்பது, கட்டியை வயிற்றுக்குள்ளேயே துண்டாக்கி எடுக்கும் மார்சலேட்டர் கருவி. ஃபைப்ராய்டு அறுவைக்கு வரும் ஏறத்தாழ 350 பெண்களில் ஒருவருக்கு மறைந்த சர்கோமா இருக்கலாம் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2014இல் எச்சரித்தது. பொடியாக்கினால் புற்று வயிற்றுக்குள் சிதறும். பேத்தாலஜிஸ்ட்டுக்குக் கட்டியின் விளிம்பும் கிடைக்காது. எம்ஆர்ஐயில் சந்தேகம் இருந்தால் முழுதாகவே எடுக்கச் சொல்வோம்.

இரண்டாம் கருத்துக்குப் போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது. ஸ்லைடு, பாரஃபின் பிளாக், எம்ஆர்ஐ சிடி மூன்றையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். பிளாக் இருந்தால்தான் புதிதாகச் சாயம் போட்டுப் பார்க்க முடியும்.