38,400 கிலோமீட்டரில் வாங்கிய பழைய கார்: ஏழு ஆண்டுகள் ஓட்டிய பிறகு

2018 அக்டோபரில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். பெட்ரோலில் ஓடும் சின்ன ஹேட்ச்பேக், மேனுவல் கியர், 2010-ல் தயாரானது. அன்று மீட்டரில் 38,400 கிலோமீட்டர் இருந்தது. இன்று 1,07,000-ஐத் தாண்டிவிட்டது. வாங்குவதற்கு முன் நான்கு வண்டிகளைப் பார்த்தேன். பார்த்ததையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டு இன்னும் காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள்தான் கிடக்கிறது. இப்போது அதை எடுத்துப் புரட்டினால், எதைச் சரியாகப் பார்த்தேன், எதைக் கோட்டை விட்டேன் என்பது வரிக்கு வரி தெரிகிறது. பழைய வண்டி தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், வேண்டாம் என்று விட்ட வண்டிகள்.

முதல் வண்டியைப் பார்க்கப் போனபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "வெயில்ல வர்றீங்களேன்னு ஏசி போட்டு வெச்சேன் சார்" என்றார் விற்பவர். ஆனால் சூடான எஞ்சின் பல கோளாறுகளை மறைத்துவிடும். இரவு முழுக்க நின்று குளிர்ந்த எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போதுதான் அதன் உண்மையான குணம் தெரியும். "நாளைக்குக் காலையில வர்றேன், ஸ்டார்ட் பண்ணாம வையுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் முதல் வேலையாக பானெட்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று ஒரு சத்தம், பின்னால் சைலன்சரிலிருந்து குபுக்கென்று நீலப் புகை. அரை நிமிடத்தில் இரண்டுமே காணாமல் போய்விட்டன. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. தேய்ந்த வால்வு சீல் வழியாக இரவில் ஆயில் சொட்டியிருந்தால், முதல் ஸ்டார்ட்டில் அது இப்படித்தான் புகைந்து போகும். முதல் நாள் பார்த்ததோடு முடிவெடுத்திருந்தால் அந்த வண்டியைத்தான் வாங்கியிருப்பேன், அவ்வளவு சீராக ஓடிக்கொண்டிருந்தது. (கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது. வெள்ளைப் புகை குளிர்ந்த காலையில் சற்று நேரம் வந்து மறைந்தால் வெறும் நீராவி. வண்டி சூடான பிறகும் நிற்காமல் வந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்குகிறது என்று பொருள்.)

இரண்டாவது வண்டி பளபளவென்று இருந்தது. சீட்டுக்கெல்லாம் புதுக் கவர், கதவைத் திறந்ததும் தூக்கலான சென்ட் வாசனை. என்னோடு வந்த மெக்கானிக் அண்ணன் எஞ்சின் பக்கமே போகவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். வழக்கமாக வெளியே வரும் அளவுக்கு மேல், சுருளின் கடைசிச் சுற்றுகள் வெளியே வந்ததும் பட்டையில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. விரலால் தேய்த்தால் நுண்ணிய மண் ஒட்டியது. "தண்ணில நின்ன வண்டி தம்பி. சீட்டைக் கழுவலாம், கார்ப்பெட்டை மாத்தலாம். இதை யாரும் கடைசி வரைக்கும் இழுத்துக் கழுவ மாட்டாங்க" என்றார். அப்புறம் டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் பார்த்தோம். மூலையில் வண்டல் காய்ந்து கிடந்தது. முன் சீட்டின் தண்டவாள போல்ட்டுகளிலும் துரு. வெள்ளத்தில் நின்ற காரில் எஞ்சினைச் சரிசெய்துவிடலாம், ஒயரிங்கும் கன்ட்ரோல் யூனிட்டுகளும் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக அரித்துக்கொண்டே போகும்.

மூன்றாவது வண்டியை ஸ்கேனர் காட்டிக்கொடுத்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும்; அதில் ஓபிடி ஸ்கேனரைச் செருகினால் எஞ்சின் பதிந்து வைத்திருக்கும் கோளாறுகள் தெரியும். எங்களுக்கு ஒரு கோளாறும் காட்டவில்லை. நான் சந்தோஷப்பட்டேன், மெக்கானிக் அண்ணன் அடுத்த திரைக்குப் போனார். கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சில சோதனைகள் உண்டு. பழைய கோளாறுகளின் பதிவை ஸ்கேனரால் அழித்தால் இந்தச் சோதனைகளின் முடிவும் சேர்ந்து அழிந்துவிடும், பிறகு பலவிதமாக ஓட்டினால்தான் மறுபடி நிறைவடையும். அந்த வண்டியில் பெரும்பாலானவை 'நிறைவடையவில்லை' என்று காட்டின. பேட்டரியை அண்மையில் கழற்றி மாட்டியிருந்தாலும் இப்படி வரலாம் என்பதால் விற்பவரிடம் கேட்டோம். சரியான பதில் வரவில்லை. விட்டுவிட்டோம்.

நான்காவதாகப் பார்த்ததுதான் நான் வாங்கியது. ஓய்வு பெற்ற ஒரு பெரியவருடைய வண்டி, ஒரே ஓனர். காலையில் போனோம், குளிர்ந்த எஞ்சின், ஒரே திருப்பில் சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆனது. நோட்டில் அன்றைக்கு முதலில் எழுதியது: "வலது முன் ஃபெண்டர் — நிறம் ஒரு துளி மங்கல்." ஃபெண்டர் என்பது முன் சக்கரத்துக்கு மேலிருக்கும் தகடு. பெயிண்ட் கனத்தை அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தோம். மற்ற இடங்களில் 110, 120 மைக்ரான். அந்த ஃபெண்டரில் மட்டும் 260. கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். மறுபடி பெயிண்ட் அடித்தால் அதுபோல இரண்டு மடங்கு, உள்ளே பட்டி வைத்திருந்தால் எண் ஐந்நூறு, ஆயிரம் என்று தாவும். பெரியவரிடம் கேட்டேன். "கேட்ல உரசிட்டேன் தம்பி. பில்லு இருக்கு, பாருங்க" என்று எடுத்துக் கொடுத்தார்.

பில்லைப் பார்த்ததோடு நாங்கள் விடவில்லை. பானெட்டைத் திறந்து ஃபெண்டருக்கு உள்பக்கம் டார்ச் அடித்தோம். தொழிற்சாலையில் வைக்கும் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் ஒரே இடைவெளியில், சின்னச் சின்னக் குழியாக இருக்கும். அடிபட்டு மறுபடி பற்றவைத்த இடத்தில் அந்த வரிசை கலைந்திருக்கும், அல்லது சீலன்ட் அப்பி மறைத்திருப்பார்கள். இங்கே எல்லாம் வரிசையாக இருந்தன. ரேடியேட்டரைத் தாங்கும் சட்டமும் நேராக இருந்தது. அதனால் மேலோட்டமான அடிதான் என்று முடிவு செய்தேன். ஏழு வருடத்தில் அந்த முடிவு ஒருமுறைகூடப் பொய்யாகவில்லை: வண்டி ஒரு பக்கமாக இழுத்ததில்லை, டயர் ஓரம் தேய்ந்ததில்லை, ஃபெண்டரில் துருவும் இல்லை. பெயிண்ட் அடித்த வண்டி என்றாலே விபத்து வண்டி என்று ஓடுகிறார்கள். எதற்காக அடித்தார்கள் என்று பார்க்காமல் நல்ல வண்டியை இழக்க வேண்டாம்.

ஓட்டிப் பார்த்தது சுமார் 25 நிமிடம். ரேடியோவை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, மேடு பள்ளமான தெருவில் மெதுவாக. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து இரண்டு பக்கமும் வட்டம் போட்டேன். டக் டக் என்று சத்தம் வந்தால் முன் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. கிளட்ச்சுக்கு, வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் வைத்துக் கிளட்ச்சை மெல்ல விட்டேன். எஞ்சின் உடனே அணைந்தது, நல்லது. அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. அந்தக் கிளட்ச் 91,000 கிலோமீட்டர் வரை உழைத்தது. ஏர்பேக் விளக்கையும் கவனியுங்கள். சாவியைப் போட்டதும் எரிந்து, சில விநாடிகளில் தனியாக அணைய வேண்டும். ஏர்பேக்கை எடுத்துவிட்ட வண்டியில் அந்த விளக்கை வேறு விளக்கோடு இணைத்து ஏமாற்றுவது உண்டு. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

காகிதங்களில் பெரிய வேலை இருக்கவில்லை. சேஸிஸ் எண் 17 எழுத்துகள். வண்டியிலும் பதிவுச் சான்றிலும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். அதில் ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ ஆகிய எழுத்துகள் வரவே வராது, ஒன்றும் சுழியமுமாகக் குழம்பக் கூடாதென்று விட்டிருக்கிறார்கள். கடன் பாக்கி இல்லை என்பதையும் உறுதி செய்துகொண்டேன்.

இனி கோட்டை விட்டது. மீட்டரில் இருந்த 38,400 உண்மையா என்று நான் நிறையவே சோதித்தேன். சர்வீஸ் புத்தகத்தில் ஒவ்வொரு ஆண்டும் கிலோமீட்டர் சீராக ஏறியிருந்தது. பிரேக் பெடல் ரப்பரின் வரிகள் தேயவில்லை, ஸ்டீயரிங் பளபளக்கவில்லை, டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கவில்லை. எண் உண்மைதான். உண்மை என்று தெரிந்ததும் அதோடு நிம்மதியாகிவிட்டேன். நோட்டில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்: "ஓட்டமே இல்லாத வண்டி. செலவு வராது." எட்டு வயதான வண்டி என்பதை அந்தச் சின்ன எண் என் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

2019 மார்ச்சில் ஒரு நாள் மழைச் சாலையில் பிரேக் பிடித்தேன். வண்டி நிற்காமல் சறுக்கிக்கொண்டு போய், முன்னால் நின்ற வேனுக்கு ஒரு முழம் பின்னால் நின்றது. பின் சீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். மறுநாள் மெக்கானிக் அண்ணன் டயரின் பக்கவாட்டை ஈரத் துணியால் துடைத்து ஒரு நீள்வட்டத்தைக் காட்டினார். உள்ளே நான்கு இலக்கம்: 2210. முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. 2010-ன் 22-வது வாரத்தில் செய்த டயர். நான்கு டயர்களும் ஸ்டெப்னியும் அப்படியே, ஒன்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தன. வரிப்பள்ளம் 5 மில்லிமீட்டர் இருந்தது. பல நாடுகளின் சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர்தான். அந்த ஆழத்தைப் பார்த்துத்தான் "டயர் நல்லா இருக்கு" என்று எழுதியிருந்தேன். ஆனால் ரப்பர் இறுகிப்போயிருந்தது, நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி. அன்றைக்கே ஐந்தையும் மாற்றினேன்.

அதன் பிறகு வரிசையாக வந்தது. ஆகஸ்டில், எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டைத் திறந்து பார்த்தால் பற்களுக்கு நடுவே விரிசல். பல எஞ்சின்களில் இந்த பெல்ட்டுக்குக் கிலோமீட்டர்க் கணக்கோடு ஆண்டுக் கணக்கும் உண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். நான் கிலோமீட்டரை மட்டும் பார்த்து இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அறுந்திருந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் போயிருக்கும். அடுத்த ஜனவரியில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெடித்தது. சூட்டைக் காட்டும் முள் ஏறியதும் ஓரங்கட்டி அணைத்துவிட்டதால், எஞ்சினின் மேல்பாகத்தைக் கசியாமல் அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் தப்பியது. அப்புறம் சஸ்பென்ஷன் புஷ்கள், எஞ்சின் மவுன்ட், ஏசி கம்ப்ரஸரின் சீல். எல்லாமே ரப்பர், எல்லாமே வயது. ஏசியை அதிகம் போடாமலே வைத்திருந்தால் சீல் காய்ந்து கேஸ் கசியும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பெரியவர் மிச்சம் பிடித்து வைத்திருந்த வண்டி, அந்த மிச்சத்தாலேயே காய்ந்திருந்தது. முதல் இரண்டரை ஆண்டில் ரிப்பேருக்குப் போனது, வாங்கிய விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

அதையெல்லாம் முடித்த பிறகு வண்டி தங்கமாக ஓடுகிறது. இரண்டு ஆயில் மாற்றங்களுக்கு நடுவே இன்றுவரை ஆயில் குறைந்ததில்லை. வழக்கமான பேட்டரி, பிரேக் பேட், ஒரு கிளட்ச், அவ்வளவுதான். சீட் என் உயரத்துக்கு வசதி. பின்பக்கப் பார்வை மட்டும் குறைவு, அது ஓட்டிப் பார்த்த அன்றே தெரிந்ததுதான்.

என்னை உறுத்துவது, நான் பார்க்கவே போகாத ஐந்தாவது வண்டி. ஐந்து வயது, 82,000 கிலோமீட்டர், எல்லா சர்வீஸுக்கும் பில், டயரும் ஹோஸும் மாற்றியாகிவிட்டது என்று அந்த ஓனர் போனில் பொறுமையாகச் சொன்னார். 82,000 என்று காதில் விழுந்ததுமே வேண்டாம் என்றேன். நெடுஞ்சாலையில் தினமும் ஓடிய எஞ்சின் முழுச் சூட்டில் நிதானமாக ஓடியிருக்கும். தெருமுனை வரை போய்த் திரும்பும் வண்டியில் எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிடுவார்கள், ஈரம் உள்ளேயே தங்கும், சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஆயில் மூடிக்கு அடியில் பால் ஆடை மாதிரி படிந்திருந்தால் ஒன்று இந்த ஈரம், இல்லாவிட்டால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது. எது என்று தெரியாமல் வாங்கக் கூடாது. இப்போது நான் கிலோமீட்டரைக் கேட்பதற்கு முன் தேதிகளைக் கேட்கிறேன்: டயர் எப்போது, பெல்ட் எப்போது, கூலன்ட், பிரேக் ஆயில், பேட்டரி எப்போது. பில் இல்லாத ஒவ்வொன்றையும் நான் செய்ய வேண்டிய செலவாக எழுதி, விலையில் கழித்துப் பேசுகிறேன். கூட வரும் மெக்கானிக் விற்பவருக்குத் தெரிந்தவராக இருக்கக் கூடாது. அவருக்குக் கூலி கொடுக்கத் தயங்கவே வேண்டாம்.

போன வாரம் மைத்துனனுக்காக ஒரு வண்டி பார்க்கப் போனோம். ஆறு வயது, 21,000 கிலோமீட்டர். அவன் மீட்டரைப் பார்த்து முகம் மலர்ந்தான், நான் குனிந்து டயர்களைத் துடைத்தேன். மூன்று டயர்களில் வண்டியின் வயது, நான்காவதில் மட்டும் இரண்டு ஆண்டு முந்திய தேதி. எங்கிருந்தோ எடுத்துப் போட்ட டயர். ஏன் அந்த ஒன்றை மட்டும் மாற்ற வேண்டி வந்தது என்று கேட்டோம், விசாரித்துச் சொல்கிறேன் என்றார் விற்பவர். நாளைக் காலை ஏழு மணிக்கு மெக்கானிக் அண்ணனோடு மறுபடி போகிறோம். அதுவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.